கிடந்த வண்டியின் முதல் சொட்டு

மாட்டுக் கொட்டகை மூலையில் கிடந்த நீலத் தார்பாயை இழுத்ததும் முதலில் வெளியே ஓடி வந்தது ஒரு கோழி. அப்புறம்தான் வண்டி தெரிந்தது. யமஹா ஆர்எக்ஸ் 100. ஏழு வருஷமாக நின்ற இடத்தை விட்டு நகராத வண்டி. குவைத்துக்குக் கிளம்பும்போது அப்பா, "யாரும் இதைத் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் அவர் சொன்னதிலேயே எல்லோரும் ஒழுங்காகக் கேட்டது அந்த ஒன்றைத்தான். இப்போது மகன் படிப்பை முடித்துவிட்டான். வண்டியைக் குட்டியானையில் ஏற்றி, மயிலாடுதுறைப் பக்கம் ஒரு பட்டறையில் கொண்டுவந்து இறக்கினான்.

வெறுங்கையோடு வரவில்லை. புது பிளக், இரண்டு டியூப், பாட்டிலில் பெட்ரோல், தனியாக டூ-டி ஆயில். வண்டி தரையில் நின்ற கையோடு கிக்கரை விரித்துவிட்டான்.

"கிக்கர்ல காலை வைக்காத தம்பி. முதல்ல குனிஞ்சு பார்க்க வேண்டியது ஒண்ணு இருக்கு" என்றார் பட்டறைக்காரர்.

அவர் விரல் காட்டிய இடத்தில், எஞ்சினின் அடிவயிற்றில், சேறு காய்ந்து மூடிய ஒரு போல்ட் இருந்தது. கியர் ஆயிலை வடிக்கிற போல்ட்.

பல நாள் கிடந்த வண்டியை எழுப்புகிறவர்கள் கண்ணுக்குத் தெரிவதை எல்லாம் கவனித்துவிடுவார்கள். டயர் வெடித்திருக்கும், பெட்ரோல் டேங்கில் துரு இருக்கும், செயின் இறுகிப் போயிருக்கும், ஒயரை எலி கடித்திருக்கும். கியர் பெட்டி பூட்டிய அறை. அதற்குள் என்ன நடந்தது என்று வெளியே இருந்து தெரியாது. கேட்டால் பதிலும் தயாராக இருக்கும்: "வண்டி ஓடவே இல்லையே, ஆயில் எப்படிக் கெடும்?"

ஓடாததுதான் காரணம். ஓடுகிற வண்டியின் ஆயிலைக் கெடுப்பது சூடும் தேய்மானமும். கிடக்கிற வண்டியின் ஆயிலைக் கெடுப்பது தண்ணீர். மீட்டர் கிலோமீட்டரைத்தான் எண்ணும், மழைக்காலத்தை எண்ணாது.

மூடிய பெட்டிக்குள் தண்ணீர் எங்கிருந்து வரும்? கியர் பெட்டி முழுக்க ஆயில் நிரம்பியிருப்பதில்லை. கீழே ஆயில், மேலே காற்று. அந்தக் காற்று விரியவும் சுருங்கவும் ஒரு சின்ன மூச்சுத் துளை வைத்திருப்பார்கள். பகலில் பெட்டி சூடாகிறது, உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியே போகிறது. ராத்திரி குளிர்கிறது, வெளிக்காற்று உள்ளே வருகிறது, ஈரத்தோடு. இட்லிப் பானையின் மூடியைத் திருப்பினால் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்குமே, அதே கதை கியர் பற்களின் மேல் நடக்கிறது. ஓடும்போது பற்களில் படிந்திருந்த ஆயில் சில மாதங்களில் கீழே வழிந்துவிடும். மேலே நிற்கும் பற்கள் வெறும் இரும்பாக ஈரக் காற்றில் காய்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறுகிற டெல்டாவில், அதுவும் மாட்டுக் கொட்டகையில், ஏழு வருஷம் என்றால் எத்தனை இரவுகள்!

இங்கே கொஞ்சம் அடிப்படையைச் சொல்லிவிட வேண்டும். இன்று தெருவில் ஓடுகிற பெரும்பாலான ஃபோர்-ஸ்ட்ரோக் பைக்குகளுக்கு ஒரே ஆயில்தான். எஞ்சின், கிளட்ச், கியர் மூன்றும் அதிலேயே குளிக்கின்றன. ஆர்எக்ஸ் 100 போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் அப்படி இல்லை. டூ-டி ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து புகையாகப் போய்விடும். கியரும் கிளட்சும் தனி அறையில், தனி ஆயிலில் இருக்கும். 1985-இல் இங்கே விற்பனைக்கு வந்து 1996-இல் நிறுத்தப்பட்ட அந்த 98 சிசி வண்டிக்குத் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கிற மவுசு தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மைசூரில் தயாரான ஜாவா, எஸ்டி வண்டிகளும் இந்த ஜாதிதான். கியர் லீவரையே நிமிர்த்தி கிக்கராக மிதிக்கிற வேடிக்கை அவற்றுக்கு மட்டும் உண்டு. சென்னைத் திருவொற்றியூரில் உருவான பழைய இரும்பு எஞ்சின் புல்லட்டுக்கோ மூன்று அறை: எஞ்சினுக்கு ஒன்று, இடப்பக்கம் செயினும் கிளட்சும் இருக்கும் பெட்டிக்கு ஒன்று, பின்னால் தனியாகப் பூட்டிய கியர் பெட்டிக்கு ஒன்று. மூன்றாவதை மறந்தவர்கள்தான் அதிகம்.

மயிலாடுதுறைக்குத் திரும்புவோம். ஆயில் மாற்றுவது பற்றி எல்லாப் புத்தகமும் சொல்கிற பாடம் ஒன்று உண்டு: வண்டியைக் கொஞ்ச நேரம் ஓட்டி, சூடாக்கி, பிறகு வடிக்க வேண்டும். சூட்டில் ஆயில் இளகும். அழுக்கையும் இரும்புப் பொடியையும் அள்ளிக்கொண்டு வரும். தினமும் ஓடும் வண்டிக்கு அது சரியான பாடம். கிடந்த வண்டிக்கு அதைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது. வண்டி அசையாமல் நின்றால் தண்ணீர் முழுக்க அடியில், போல்ட்டுக்கு மேலேயே தங்கியிருக்கும். அப்படியே வடித்தால் முதலில் அதுதான் வெளியே வரும். ஸ்டார்ட் செய்துவிட்டாலோ கியர் பற்கள் மத்து மாதிரி கடைந்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். பிறகு பிரிக்க முடியாது. கிக்கரை மிதித்தாலே அதன் பல்லும் கிளட்சும் சுற்றிக் கடையத் தொடங்கிவிடும்.

குட்டியானையில் குலுங்கி வந்த வண்டி அது. அதனால் பட்டறைக்காரர் அன்று போல்ட்டைத் தொடவே இல்லை. "ராத்திரி நிக்கட்டும். காலையில வா" என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை அவர் முதலில் செய்தது, போல்ட்டைச் சுற்றிய சேற்றை ஆணியால் சுரண்டியது. அப்புறம் டீசல் தொட்ட பிரஷ்ஷால் துடைத்தார். வளையப் பானாவை மாட்டினார். வாய் திறந்த பானா போட்டால் தலை மழுங்கிவிடும் என்பது அவர் கட்சி. போல்ட் இரும்பு, பெட்டி அலுமினியம். ஏழு வருஷத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். எட்டி மிதித்துக் கழற்றினால் போல்ட் வரும், அதோடு மரையும் உரிந்து வரும். மரை போனால் லேத் பட்டறையில் புது மரை வெட்ட வேண்டும், அதற்குப் பெட்டியையே பிரிக்க வேண்டியதுகூட வரலாம். ஆகவே முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை அசைத்து, பிறகு இளக்கும் பக்கம் திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம். அதற்குப் பின் கையாலேயே மெதுவாகச் சுற்றினார், முழுக்கக் கழற்றாமல்.

மரையின் ஓரமாக ஒரு சொட்டு கசிந்தது. கறுப்பும் இல்லை, பழுப்பும் இல்லை; வெறும் தண்ணீர். கீழே வைத்த அலுமினியச் சட்டியில் அது உருண்டு நின்றது. இன்னும் சில சொட்டு, மொத்தம் ஒரு பாட்டில் மூடி அளவு. அதன் பின்தான் ஆயில் வந்தது, ஆறிப்போன காபி நிறத்தில்.

பையன் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். முந்தின நாள் கிக்கரை மிதித்திருந்தால் அந்த ஒரு மூடித் தண்ணீர் எங்கே போயிருக்கும் என்று யாரும் சொல்லாமலே அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

வடிந்த ஆயில் பேசும். பால் கலந்த நிறம் என்றால் தண்ணீர். கருகிய வாடை என்றால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறது. போல்ட்டின் நுனியில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் கவலைப்பட வேண்டாம்; எல்லா கியர் பெட்டியிலும் அவ்வளவு தேய்மானம் உண்டு. இரண்டு விரலுக்கு நடுவே தேய்க்கும்போது மணல் மாதிரி நெருடினாலோ, தகடு தகடாகச் சில்லு மின்னினாலோ பெட்டியைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். பட்டறைக்காரர் தேய்த்துப் பார்த்தார். நெருடவில்லை. கையைப் பனியன் வேஸ்ட்டில் துடைத்துக்கொண்டார்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் இதே காட்சிதான், பெரிய அளவில். மூச்சுத் துளை வழியாக நேரடியாகவே வெள்ளம் உள்ளே போன வண்டிகள் அவை. தண்ணீர் வடிந்த மறுநாளே ஆசையாக செல்ஃப் அடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் செலவு கூடியது.

சரி, எதை ஊற்றுவது? இந்தக் கேள்வியில் பெயரே குழப்புகிறது. கடையில் போய் "கியர் ஆயில்" என்று கேட்டால் சில நேரம் லாரி கிரவுனுக்கு ஊற்றுகிற இபி 90-ஐ எடுத்து நீட்டிவிடுவார்கள். புல்லட்டின் தனிக் கியர் பெட்டிக்கு அது பொருந்தும், ஏனென்றால் அங்கே கிளட்ச் வேறு அறையில் இருக்கிறது. கிளட்ச் பிளேட் அதே ஆயிலில் நனைகிற ஆர்எக்ஸ் போன்ற வண்டிக்கு அது ஆகாது. இதற்கு வேண்டியது, பெயர்தான் கியர் ஆயில், உண்மையில் ஃபோர்-ஸ்ட்ரோக் பைக்குக்கு ஊற்றும் எஞ்சின் ஆயில். காருக்கான ஆயிலும் வேண்டாம். மைலேஜுக்காக வழுக்கலைக் கூட்டும் சரக்கு அதில் சேர்ந்திருக்கலாம். காரில் கிளட்ச் உலர்ந்தது, பைக்கில் நனைந்தது, வழுக்கினால் வேகம் பிடிக்காது. ஜப்பான்காரர்கள் 1998-இல் பைக் ஆயிலுக்கென்றே ஒரு தர அளவை கொண்டுவந்தார்கள். டப்பாவின் பின்பக்கம் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருந்தால் போதும்.

இன்னொரு மயக்கம் அந்த 90 என்ற எண். நாற்பதைவிட இரு மடங்கு கெட்டி என்று நினைக்கத் தோன்றும். எஞ்சின் ஆயிலுக்கு ஒரு அளவுகோல், கியர் ஆயிலுக்கு வேறு அளவுகோல். 90 என்று போட்ட கியர் ஆயில் ஏறக்குறைய நாற்பது, ஐம்பது என்று போட்ட எஞ்சின் ஆயிலின் கெட்டித்தன்மைதான்.

பழைய ஆட்களிடம் ஆமணக்கெண்ணெய் புராணம் கேட்கலாம். மாட்டு வண்டி அச்சுக்கு விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து மை போட்ட நாடு இது. காஸ்ட்ரால் என்ற பெயரே 1909-இல் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததுதான். இரும்பைக் கவ்வுவதில் அதற்கு இணை குறைவு. ஆனால் அசையாமல் கிடந்தால் அது பிசினாக இறுகும். கிடப்பில் போடுகிற வண்டிக்கு அதைவிட மோசமான எண்ணெய் கிடையாது.

பட்டறைக்காரர் முதலில் விலை குறைந்த பைக் ஆயிலைத்தான் ஊற்றினார். கழுவுவதற்கு. சிலர் டீசலையோ மண்ணெண்ணெயையோ ஊற்றி அலசுவார்கள். அதில் கொஞ்சம் மூலை முடுக்கில் தங்கிப் புது ஆயிலை நீர்க்க வைக்கும் என்பதால் அவருக்குப் பிடிக்காது. போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டார். பழைய வாஷர் ஒருமுறை நசுங்கியது, இரண்டாம் முறை அடைக்காது. பிளக் ஓட்டையில் சில சொட்டு டூ-டி ஆயில் விட்டு, கிளட்சைப் பிடித்தபடி வண்டியை முதல் கியரில் முன்னும் பின்னும் ஆட்டினார். கிடந்த வண்டியில் கிளட்ச் பிளேட்டுகள் அப்பளக் கட்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். பத்துப் பன்னிரண்டு ஆட்டலில் விட்டுக்கொடுத்தன.

நாலாவது மிதியில் வண்டி உயிர் பெற்றது. தெருவே திரும்பிப் பார்த்தது. பையனை ஓட்டவிட்டு, சூடாகத் திரும்பி வந்ததும் மறுபடி வடித்தார். இந்த முறைதான் புத்தகப் பாடம். லேசான காபி நிறம் இன்னும் இருந்தது. மூன்றாவதாகத்தான் நல்ல ஆயில், முக்கால் லிட்டருக்கும் குறைவாக.

வண்டியை மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைத்தால் கெடாது என்று வீடுகளில் ஒரு நம்பிக்கை. நின்ற இடத்தில் ஐந்து நிமிஷம் ஓடவிடுவது நல்லதைவிடக் கெடுதலே அதிகம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. சைலன்சர் சரியாகச் சூடேறும் முன் அணைத்தால் அது உள்ளேயே படிகிறது. கியர் பெட்டியும் அரைகுறையாகச் சூடாகி, ஆறும்போது இன்னொரு வாய் ஈரக் காற்றை இழுத்துக்கொள்கிறது. ஓட்டுவதானால் நன்றாகச் சூடேற ஒரு சுற்று போய் வர வேண்டும்.

பத்து நாள் கழித்துப் பையன் மீண்டும் வந்தான். சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்கவே இல்லை. தரையில் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை, ஆனால் கியர் ஆயில் குறைந்திருந்தது. "டூ-டி ஆயிலைக் குறைச்சிடவா அண்ணே?" என்று கேட்டான்.

"அதைத் தொட்டே, பிஸ்டன் பிடிச்சுக்கும்" என்றார் அவர். கிராங்கின் வலப்பக்கம் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. கிடந்து கிடந்து அது கட்டை மாதிரி இறுகியிருந்தது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் கீழ் அறையால் காற்றை உறிஞ்சுகிற ஜாதி. சீல் விட்டுப்போனதும் பக்கத்து அறையின் கியர் ஆயிலையும் சேர்த்து உறிஞ்சி எரித்துக்கொண்டிருந்தது. இடப்பக்கச் சீல் போனால் புகை வராது, காற்று நுழையும், எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். அதனால் இரண்டையும் மாற்றினார்கள்.

பட்டறை ஓரத்தில் பழைய ஆயில் டின்கள் வரிசையாக இருந்தன. பழைய ஆயிலுக்கு 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் பொருந்தும். சாக்கடையில் ஊற்றக்கூடாது, உரியவர்களிடம் சேர்க்க வேண்டும். நடப்பில் அதன் ஒரு பங்கு கட்டட வேலைக்குப் போகிறது, கான்கிரீட் ஒட்டாமல் இருக்க சென்ட்ரிங் தகட்டில் தடவ. அன்றைக்கும் ஒரு சென்ட்ரிங் ஆள் வந்தார். கறுப்பு ஆயில் டின்னைத் தூக்கி சைக்கிளில் கட்டினார். காபி நிற ஆயில் இருந்த டின்னைத் திறந்து பார்த்து, "இதுல தண்ணி இருக்கு" என்று மூடி அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.