அவசரத்தில் அடித்த மருந்து

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. பொதுக்காலம் 16-ஆம் ஞாயிறு. நற்செய்தி: மத்தேயு 13:24-43)



இன்றைய நற்செய்தியில் நிலத்துக்குச் சொந்தக்காரர் பதறவில்லை. பதறுகிறவர்கள் அவருடைய பணியாளர்கள். களை முளைத்துவிட்டதே, போய்ப் பிடுங்கிவிடட்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம், களையைப் பிடுங்கும்போது கோதுமையும் சேர்ந்து வந்துவிடும் என்கிறார் தலைவர். பாவிகளே இல்லாத திருச்சபை வேண்டும் என்று நின்ற தொனாத்தியருக்குப் புனித அகுஸ்தினார் இந்த உவமையைக் கொண்டு பதில் சொன்னார் என்று குருமடத்தில் படித்தேன். தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் அது எனக்கு உறைத்தது பல ஆண்டுகள் கழித்து, ஒரு நெல் வயலில்.

அப்போது நான் காவிரிப் பாசனத்தில் ஒரு சிறிய பங்கில் இருந்தேன். கோயிலுக்கு இரண்டு ஏக்கர் நன்செய் உண்டு. ஒரு பெரியவர் குத்தகைக்குச் செய்து வந்தார். நட்டு இருபது நாள் இருக்கும், வரப்பில் நடந்து போனபோது பார்க்கிறேன், இலைகள் சுருண்டு வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கின்றன. இலைச்சுருட்டுப் புழு. எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. மருந்து அடிக்கச் சொன்னேன். பெரியவர் தலையைச் சொறிந்துகொண்டு, “வயல்ல எட்டுக்கால் பூச்சி நல்லா ஓடுது சாமி, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே” என்றார். கோயில் நிலம், நஷ்டமானால் யார் பொறுப்பு என்று கேட்டேன். அதற்குமேல் அவர் என்ன சொல்வார்? கடைக்காரர் கொடுத்ததை அடித்தோம். பத்து நாள் கழித்து இன்னொரு முறையும் அடித்தோம். பயிர் பச்சைப் பசேல் என்று ஆனது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

கதிர் வரும் நேரத்தில் வயலின் நடுவே வட்டமாகக் காய ஆரம்பித்தது. நெருப்பு வைத்ததுபோல் ஒரு வட்டம், பிறகு இரண்டு, பிறகு எண்ண முடியவில்லை. புகையான். பெரியவர் பக்கத்திலேயே சொந்தமாக இரண்டு மா வைத்திருந்தார். அதில் ஒரு சொட்டு மருந்து படவில்லை. அங்கும் புகையான் இருந்தது, ஆனால் வட்டம் விழவில்லை.

என்ன நடந்தது என்பதைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். புகையான் தன் முட்டையைப் பயிரின் தாளுறைக்குள் செருகி வைக்கிறது. மேலே தெளிக்கும் மருந்து அங்கே எட்டுவதில்லை. ஒரு வாரம், பத்து நாளில் குஞ்சு பொரித்து வெளியே வரும்போது, அதைத் தின்ன வேண்டிய சிலந்திகள் வயலில் இல்லை, நாம் கொன்றுவிட்டோம். அந்த முட்டையையே தேடிக் குத்தி உறிஞ்சுகிற மிரிட் நாவாய்ப்பூச்சி என்று பச்சையாக ஒரு சிறு பூச்சி உண்டு. அதுவும் போய்விட்டது. சிலந்தி மெதுவாகப் பெருகும், புகையான் மளமளவென்று பெருகும். இடையில் அகப்பட்டது பெரியவரின் ஆறு மாத உழைப்பு.

ஒரு நாடே இதே தவற்றைச் செய்திருக்கிறது. இந்தோனேசியா 1984-இல் அரிசியில் தன்னிறைவு கண்டது. இரண்டே ஆண்டில் ஜாவாவில் புகையான் அந்தப் பெருமையை ஆட்டிவைத்தது. அரசு மானியம் கொடுத்ததால் பூச்சிக்கொல்லி மலிவு. உழவர்கள் அடிக்க அடிக்கப் புகையான் கூடியது. பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆய்ந்த பீட்டர் கென்மோர் போன்றவர்கள் இதன் காரணத்தை எடுத்துச் சொல்லியிருந்தார்கள். 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தார். (அவர் ஆட்சியின் மற்றக் காரியங்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.) 1989-க்குள் மானியமும் நின்றது. நெல் விளைச்சல் விழும் என்று பயந்தார்கள். விழவில்லை, கூடியது.

ஜாவா வயல்களிலேயே செய்த இன்னொரு ஆய்வு 1996-இல் வெளிவந்தது. அதைப் படித்தபோது திருப்பாடல் 23 நினைவுக்கு வந்தது. எரு, மட்கிய தாள் இவற்றை உண்டு சேற்று வயலில் முதலில் பெருகுவது பயிரைத் தொடாத சின்னஞ்சிறு கொசுவினங்கள். அவற்றைத் தின்று சிலந்தியும் மற்றவையும் பெருகுகின்றன. புகையான் வந்து சேர்வதற்கு முன்பே காவல்காரர்களுக்குப் பந்தி வைத்தாகிவிட்டது! நட்டவுடன் நாம் அடிக்கும் முதல் மருந்து அந்தப் பந்தியைத்தான் கவிழ்க்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில், வேளாண்மைக்கு உதவும் பறவைகளும் பூச்சிகளும் நச்சு மருந்துகளால் மறைந்துபோவதைக் குறிப்பிடுகிறார். ரோமையிலிருந்து எழுதினாலும் நம் வயல் வரப்புக்கும் அது பொருந்துகிறது.

மருந்து என்கிறோமே, அந்தச் சொல்லே எனக்கு உறுத்துகிறது. “மருந்து அடிச்சாச்சு” என்று நிம்மதியாகச் சொல்கிறோம். அதே ஊரில் ஒருவர் “மருந்தைக் குடிச்சிட்டான் சாமி” என்று ஓடி வந்தால் என்ன நடந்தது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த வீடுகளில் செபம் சொல்லி, அந்த அடக்கங்களையும் நடத்தியிருக்கிறேன். அந்த வீட்டுக் கணக்குநோட்டில் பூச்சிமருந்துக் கடை பாக்கியும் ஒரு வரியாக இருந்ததைக் கண்டிருக்கிறேன்.

இயேசு வேளாண்மை வகுப்பு எடுக்கவில்லை, அது எனக்குத் தெரியும். களை நமக்கு நண்பனுமல்ல. ஆனால் அந்தப் பணியாளர்களிடம் தலைவர் கண்ட குறை என்னிடமும் இருந்தது. எது பயிர், எது களை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாத கை, அதற்குள் நீண்டுவிட்டது. இளம்பயிரில் குதிரைவாலிப் புல்லை நெல்லென்று நினைத்து ஏமாந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். வயலில் ஓடுகிற பூச்சியெல்லாம் பகை என்று நினைத்தது நான்.

மருந்தே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் வந்தாலே நடவடிக்கை எடுக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம். அறிவியலே சிலந்தியை நம் பக்கத்து ஆளாகக் கணக்கில் எழுதுகிறது. யூரியாவை அள்ளிப் போடாதீர்கள், புகையானுக்கு அது விருந்து. நடும்போது எட்டடிக்கு ஓரடி பட்டம் விடுங்கள், தூரில் வெளிச்சமும் காற்றும் படட்டும்.

வானொலியில் பேசுவதால் இன்னொன்றும் சொல்ல ஆசை. வியட்நாமில் மெக்கோங் கழிமுகத்தில் 1994-இல், விதைத்து நாற்பது நாள்வரை இலைப்புழுவுக்கு மருந்து அடிக்காதீர்கள் என்று வானொலியில் சின்னச் சின்ன நாடகம் போட்டார்கள். இளம்பயிர் இழந்த இலையைத் தானே ஈடுகட்டிவிடும் என்பதுதான் செய்தி. நம்பாதவர்களைத் திட்டவில்லை. வயலில் ஒரு துண்டை மட்டும் அடிக்காமல் விட்டு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள் என்றார்கள். நாளடைவில் மருந்தடிப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

அந்த ஆண்டு குத்தகை நெல்லில் பாதியைத் தள்ளிக் கொடுத்தேன். பங்குப் பேரவையில் எல்லாரும் என்னைத் தாராளமானவர் என்றார்கள். முழுவதும் தள்ளியிருக்க வேண்டும், ஏனென்றால் அந்த நஷ்டம் என்னுடையது. அதை நான் அன்று வாய் திறந்து சொல்லவில்லை. அடுத்த போகத்தில்தான் பெரியவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் என்னை வயலுக்குள் இறக்கி, ஒரு குத்தை விலக்கிக் காட்டினார். அடித்தூரில், தண்ணீருக்கு மேலே, ஒரு சிலந்தி. அதன் முதுகு நிறையக் குஞ்சுகள். “நம்ம ஆளு சாமி” என்றார்.

குறுவை நட்டிருக்கிறவர்கள் நாளைக் காலை வெயில் ஏறுமுன் வயலில் இறங்குங்கள். பத்துக் குத்தை விலக்கிப் பாருங்கள். சிலந்தி எத்தனை, புகையான் எத்தனை என்று எண்ணுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள், அவர்கள் கண் கூர்மை. எண்ணி முடித்த பிறகு கடைக்குப் போவதா என்று யோசிக்கலாம்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!