தவக்காலமும் பிடியரிசியும்

சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் பெருவிழாவின் முன்நாள் வரை எண்ணினால் 46 நாட்கள் வரும். அவற்றுள் ஆறு ஞாயிறுகளை விலக்க, எஞ்சுவன 40. இவற்றையே கத்தோலிக்கர் தவக்காலம் என்றும், சீர்திருத்தச் சபையார் லெந்து காலம் என்றும் வழங்குகின்றனர். இயேசுபெருமான் வனாந்தரத்தில் நாற்பது நாள் உண்ணாதிருந்ததை நினைந்து நோற்கும் நோன்பு இது.

அவ்வனாந்தர நிகழ்ச்சியில் நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. சோதிப்பவன் முதலில் காட்டியது தீய பொருள் எதுவுமன்று, அப்பம். பசித்தவன் அப்பம் உண்பது குற்றமாகாது. ஆயினும் தம் பசிக்கெனக் கல்லை அப்பமாக்க இயேசு இசையவில்லை. பின்னர் ஐயாயிரம் பேர் பசித்திருந்தபோதோ, அப்பத்தைப் பெருக்க அவர் தயங்கவுமில்லை. அப்பம் ஒன்றே, யார் பொருட்டு என்பதிலேயே வேற்றுமை.

நம் பாட்டன்மார் காலத்தில் ஒருசந்தி, சுத்தபோசனம் ஆகிய விதிகள் கடுமையாக இருந்தன. 1966-இல் பாப்பரசர் ஆறாம் பவுல் அவற்றைத் தளர்த்தினார். கட்டாய ஒருசந்தி சாம்பல் புதன், பெரிய வெள்ளி என்னும் இரு நாட்களுக்கே என்றாயிற்று. பாரம் குறைந்ததென மகிழ்ந்தோர் பலர். பாரம் கூடிற்று என்பதே நம் கருத்து. விதி சொல்லாது விட்டதை இனி மனச்சாட்சியன்றோ சொல்ல வேண்டும்? வெள்ளிக்கிழமை இறைச்சியை விலக்கிவிட்டு, அதனினும் விலைமிகுந்த வஞ்சிர மீனைத் தேடித் தில்லியிலும் மும்பையிலும் சந்தை சந்தையாக அலையும் அன்பர்கள் உளர். விதியும் பிழைத்தது, நாவும் பிழைத்தது!

திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவ இல்லங்களில் பிடியரிசி என்றொரு வழக்கம் உண்டு. உலையிலிட அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனியே ஒரு கலயத்தில் இடுவர். சேர்ந்ததைச் சபைக்கு அளிப்பர். உண்டு மிஞ்சியதைக் கொடுக்கும் கொடையன்று இது. அளந்த பின் எடுப்பதால் அன்றைய சோற்றில் அவ்வளவு குறையும். அக்குறையைத் தாங்குபவள் பெரும்பாலும் எல்லார்க்கும் பின் உண்ணும் தாய். ஒறுத்தலைப் பற்றி விரிவாகப் பேசும் ஆடவர் இதனைச் சற்று எண்ணிப் பார்ப்பது நலம்.

வேற்று மாநிலங்களில் அடுக்குமாடி வீடுகளில் வாழும் நம்மில் பலரிடம் அக்கலயம் இல்லை. ஆனால் தெரிந்தெடுக்க வேண்டிய வேளைகள் இங்கும் வருகின்றன. பாத்திரம் துலக்க வரும் பெண் காய்ச்சலால் நான்கு நாள் வரவில்லை. அந்நான்கு நாள் கூலியைப் பிடித்துக்கொள்வதா, விடுவதா? இறைச்சியை விடுவதினும் இது கடினம். ஏனெனில் பிடித்துக்கொண்டால் நம்மைக் குறை கூறுவார் எவருமில்லை. ஏசாயா தீர்க்கதரிசி தம் காலத்து நோன்பாளிகளைக் கடிந்துகொண்டது, நோன்பிருந்த அதே நாளில் வேலையாட்களை அவர்கள் ஒடுக்கியதற்காகவே.

தவக்காலம் எந்த ஆண்டில் எப்போது தொடங்கினும், ஒரு மாதக் கடைசியேனும் அதற்குள் அடங்கும். அப்பெண் கூலி பெற வாயிலில் வந்து நிற்பது அன்றுதான்.