விமானத்துக்குக் காவல் யார்?

(நமது ஹைதராபாத் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என்னைப் பேச அழைத்த காரியதரிசி, “விமானம் பத்திரமா ஸார்? அதைச் சொன்னால் போதும்” என்றார். இங்கே பாதிப் பேருக்குப் பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில்; கேள்வி நியாயமானதே. பேகம்பேட்டையில் விமானப் பராமரிப்பில் முப்பது வருஷம் இருந்தவன் நான். இருந்தாலும் இன்று விமானங்களைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ. என்ற மத்திய அரசு இலாகாவைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். விமானிக்கு லைசென்ஸ், விமானத்துக்குப் பறக்கும் தகுதிச் சான்றிதழ், கம்பெனிக்கு அனுமதி எல்லாவற்றையும் தருவதும், தவறினால் பறிப்பதும் அதன் வேலை.

2014 ஜனவரி 31 அன்று அமெரிக்க விமானத் துறை நம் நாட்டை இரண்டாம் தரத்துக்கு இறக்கியது. அவர்கள் குறை சொன்னது நம் மேற்பார்வையை. விமானிகளைச் சோதிக்க முழுநேர இன்ஸ்பெக்டர்கள் போதவில்லை. அந்த வேலைக்கு அனுபவமுள்ள கேப்டன் வேண்டும். கம்பெனி தரும் சம்பளத்தை சர்க்கார் தர முடியாது. ஆகவே கம்பெனி விமானிகளையே இரவல் வாங்கி ஒப்பேற்றி வந்தார்கள். சம்பந்தி வீட்டுச் சமையலுக்கு மார்க் போடச் சொன்ன மாதிரிதான்!

ஏர் இந்தியாவும் ஜெட் ஏர்வேஸும் அமெரிக்காவுக்குப் புது சர்வீஸ் தொடங்க முடியாமல் போயிற்று. அரசு 75 இன்ஸ்பெக்டர் பதவிகளை அனுமதித்தது. 2015 ஏப்ரலில் முதல் தரம் திரும்பக் கிடைத்தது. அப்போது இலாகாவின் தலைவர் எம். சத்தியவதி ஐ.ஏ.எஸ்.; முன்பு புதுச்சேரியில் தலைமைச் செயலராக இருந்தவர், அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் பெண்மணி. அவர் விமானி அல்ல. அதற்கு அவசியமும் இல்லை. ஆள் நியமிக்கவும், கம்பெனிகளிடம் “முடியாது” என்று சொல்லவும் தெரிந்திருந்தால் போதும் என்பது என் அபிப்பிராயம்.

ஏன் சொல்ல வேண்டும்? 2010 மே 22, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் மாண்டார்கள். கேப்டன் வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருந்தார் என்றது விசாரணை. இறங்காமல் மேலே போகலாம் என்று துணை விமானி சொன்னதும் பலிக்கவில்லை.

விமானியின் களைப்புக்குத்தான் 2024 ஜனவரியில் புது விதி வந்தது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆயிற்று. இரவில் இறங்கும் எண்ணிக்கை 6லிருந்து 2 ஆகக் குறைந்தது. முழுவதும் அமலானது 2025 நவம்பரில்தான். அவ்வளவு அவகாசம் இருந்தும் இண்டிகோவிடம் விமானிகள் போதவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கில் விமானங்கள் ரத்து. ஷம்ஷாபாத்திலும் ஜனங்கள் தவித்தார்கள். உடனே இரவுப் பணி விதியை அந்தக் கம்பெனிக்கு மட்டும் 2026 பிப்ரவரி 10 வரை தளர்த்தினார்கள். அதைக் கண்காணித்த இன்ஸ்பெக்டர்கள் நால்வருக்கு வேலை போயிற்று. தவித்தவர்கள் கோபம் நியாயம். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு விமானியின் கண் சொருகினால், தளர்த்திய உத்தரவா வந்து விமானம் ஓட்டும்?

2025 ஆகஸ்டில் பாராளுமன்றக் குழு சொன்ன கணக்கு இது: இலாகாவில் அனுமதிக்கப்பட்ட பதவிகள் 1,063, ஆள் இருந்தது 553ல். ஏரோநாட்டிகல் படித்த பேரனோ பேத்தியோ வீட்டில் இருந்தால், யூ.பி.எஸ்.சி. விளம்பரங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். சம்பளம் கம்பெனியை விடக் குறைவுதான், அதையும் சொல்லிவிடுங்கள்.