காய்கறிக்காரியின் முகம்



சட்டம் படிக்கப் போய்க் கதை பொறுக்கிய இருவரைப் பற்றிப் பேசுகிறேன். அண்ணன் யாக்கோப் கிரிம், தம்பி வில்ஹெல்ம் கிரிம். ஜெர்மனியில் மார்புர்க் பல்கலைக்கழக மாணவர்கள். ஆசிரியர் சாவின்யியின் வீட்டு நூலகம் அவர்களைப் பழைய இலக்கியத்தின் பக்கம் இழுத்தது. தம்பி தேர்வெழுதித் தேறினார். அண்ணன் படிப்பை முடிக்கவே இல்லை. (இந்தப் பட்டமளிப்பு மேடையில் இதைச் சொல்லியிருக்கக் கூடாதோ?)

1812இல் அவர்களுடைய கதைத் தொகுப்பின் முதல் பகுதி வந்தது. அண்ணனும் தம்பியும் ஊர் ஊராக நடந்து குடியானவர்களிடம் கதை கேட்டதாகத்தான் நாம் நினைத்திருக்கிறோம். உண்மையில், பெரும்பாலான கதைகள் காசல் நகரில் அவர்களைத் தேடி வந்தவை. சொன்னவர்களில் பலர் வசதியான, படித்த வீட்டுப் பெண்கள்.

டொரோதியா ஃபீமன் அப்படியல்ல. தையற்காரரின் மனைவி, நகரத்தில் காய்கறி விற்றவர். அப்பாவின் சத்திரத்தில் வளர்ந்ததால் வழிப்போக்கர் கதையெல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. முதலில் சரளமாகச் சொல்வார். கேட்டால், எழுதுகிற கைக்கேற்ப நிறுத்தி நிறுத்தி, சொல் பிசகாமல் மறுபடி சொல்வார். சுமார் 40 கதைகள் அவர் தந்தவை. அவரை அசல் ஹெஸ்ஸே மண்ணின் குடியானவப் பெண்ணாகத் தொகுப்பின் முன்னுரை காட்டியது. அவர் தந்தை வழியினரோ மத ஒடுக்குமுறைக்குத் தப்பி பிரான்சிலிருந்து வந்தவர்கள். கதைக்கு ஏது குடியுரிமை!

வில்ஹெல்மின் கை சும்மா இருக்கவில்லை. 1857இன் ஏழாம் பதிப்பு வரை 45 ஆண்டுகள் திருத்திக்கொண்டே இருந்தார். ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடித்தவள் முதல் பதிப்பில் பெற்ற தாய். 1819இல் மாற்றாந்தாய் ஆனாள். உடுப்பு ஏன் இறுகுகிறது என்று ராபுன்செல் வெள்ளந்தியாகக் கேட்ட கேள்வி காணாமல் போயிற்று. கர்ப்பம் குழந்தைகளுக்கு ஆகாதாம். ஸ்னோ ஒயிட்டின் மாற்றாந்தாயான அரசியைப் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் காலணியில் சாகும்வரை ஆடவிட்டதை மட்டும் அவர் தொடவில்லை! இந்தத் திருத்தங்கள் எனக்கு உறுத்தத்தான் செய்கின்றன. ஆனால் உலகம் சுற்றியது அந்த மெருகேறிய குரல்தான். நார்வேயில் ஆஸ்பியோர்ன்சன், ரஷ்யாவில் அஃபனாசியெவ் என்று அடுத்தடுத்துத் தொகுக்கக் கிளம்பியதற்கும் இந்த நூலே முன்மாதிரி.

ஃபீமன் 1815இல் இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து வந்த பதிப்பில், இரண்டாம் பகுதியின் முகப்பில் அவர் படம். வரைந்தது கிரிம்களின் இன்னொரு தம்பி, லுட்விக் எமில். தலையில் துணி கட்டிய, சுருக்கம் விழுந்த முகம். கண்கள் மட்டும் அடுத்த கதைக்குத் தயார்.

பதிவாளர் பெயர்ப் பட்டியலோடு காத்திருக்கிறார்.