படித்தறிய வேண்டிய படங்கள்



படம் பார்ப்பது சிறு பிள்ளைகளின் விளையாட்டு, எழுத்தைப் படிப்பதே கல்வி என்று நெடுங்காலம் நம்பியிருந்தவர்களுள் நானும் ஒருவன். ஆசிரியப் பயிற்சியில் எங்கள் மனத்தில் பதிந்ததும் ஏறக்குறைய அதுவே. முதல் வகுப்பு நூலில் படம் மிகுந்திருக்க வேண்டும். வகுப்பு ஏற ஏறப் படம் குறைந்து எழுத்து பெருக வேண்டும் என்று கற்றோம். ஆகவே, புவியியல் நூலுக்குள் படக்கதையை மறைத்துவைத்துப் படித்த மாணவர் பலரிடமிருந்து அவற்றைப் பறித்து என் மேசையில் பூட்டியிருக்கிறேன். அவற்றுள் ஒன்றையேனும் திறந்து பார்த்தேனா? இல்லை. ஓய்வு பெற்ற பின்னரே இவ்வகை நூல்கள் சிலவற்றைப் படித்தேன். என் பிழையை உணர்ந்தேன். அதைத் திருத்திக்கொள்ளும் முயற்சியே இன்றைய பேச்சு.

ஆங்கிலத்தில் ‘கிராபிக் நாவல்’ என வழங்கும் நூல்வகையை நாம் சித்திரப் புதினம் எனலாம். அப்பெயர் பரவக் காரணமான நூல்களுள் ஒன்று, அமெரிக்க ஓவியர் வில் ஐஸ்னர் 1978-இல் வெளியிட்ட ‘கடவுளுடன் ஓர் ஒப்பந்தம்’. நியூயார்க் நகரத்து ஏழைக் குடியிருப்பில் வாழும் ஒருவர், தம் வளர்ப்பு மகளைப் பறிகொடுத்துவிட்டுக் கடவுளோடு வழக்காடுகிறார். கதை கற்பனை, துயரம் கற்பனையன்று. ஐஸ்னர் தம் மகளை அவளுடைய 16-ஆம் வயதில் நோய்க்குப் பறிகொடுத்தவர்.

ஆயினும், ‘புதினம்’ என்ற சொல் இந்நூல்கள் அனைத்துக்கும் பொருந்துவதில்லை. ஆர்ட் ஸ்பீகல்மன் இயற்றிய ‘மௌஸ்’ என்னும் நூலைப் பாருங்கள். நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர் மீண்ட தம் தந்தை விளாடெக்கின் வரலாற்றை அவர் இரு தொகுதிகளாக 1986-இலும் 1991-இலும் வெளியிட்டார். யூதரை எலிகளாகவும் நாஜிகளைப் பூனைகளாகவும் வரைந்தார். அதைக் கண்ட ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழ், நன்கு விற்கும் நூல்களின் பட்டியலில் அதைக் கற்பனை நூல்களுள் சேர்த்தது. ‘இது நடந்த வரலாறு’ என்று ஆசிரியர் கடிதம் எழுதினார். இதழும் நூலை இடம் மாற்றியது. 1992-இல் அந்நூல் புலிட்சர் சிறப்புப் பரிசும் பெற்றது. எலியின் முகம் வரைந்துவிட்டால் உண்மை பொய்யாகிவிடுமா? ஆகாது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஸ்பீகல்மன் 1948-இல் பிறந்தவர். போர் முடிந்தது 1945-இல். தான் காணாத ஒன்றை ஒருவர் எவ்வாறு உண்மையாக வரைய முடியும்? எழுதுகிறவர் ‘கூட்டம் கூடியிருந்தது’ என்று இரண்டு சொல்லில் தப்பித்துக்கொள்ளலாம். வரைகிறவர் அக்கூட்டத்தில் ஒவ்வொரு முகத்தையும் வரைந்தாக வேண்டும் அன்றோ?

ஸ்பீகல்மன் கண்ட வழி நேர்மையானது. தந்தை சொல்லச் சொல்ல, அருகில் அமர்ந்து கேட்டுக் குறித்துக்கொள்ளும் மகனையும் அவர் வரைந்தார். ‘நான் கண்டவன் அல்லேன், கேட்டவன்’ என்பதை அப்படங்களே நமக்குச் சொல்லிவிடுகின்றன. முகாமில் துன்புற்ற அவருடைய தாயும் தம் நினைவுகளை எழுதிவைத்திருந்தார். அவர் இறந்த பின், துயரம் தாளாத தந்தை அக்குறிப்பேடுகளை எரித்துவிட்டார். தாய் சொல்லியிருக்கக்கூடிய கதையை மகன் கற்பனையால் நிரப்பவில்லை. அவ்விடத்தை வெறுமையாகவே விட்டார். வரைந்த பக்கங்களைப் போலவே வரையாமல் விட்டதும் நம் நெஞ்சை வருத்துகிறது.

இதே கேள்விக்கு ஜப்பானியர் ஒருவர் வேறு விடை கண்டார். கெய்ஜி நாகசாவா என்பது அவர் பெயர். 1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அவர் ஆறு வயதுச் சிறுவர். பள்ளிச் சுவர் ஒன்று மறைத்ததால் பிழைத்தார். தந்தையும் தமக்கையும் தம்பியும் இடிந்த வீட்டின் அடியில் சிக்கி மாண்டனர். முதலில் 1972-இல் ‘நான் கண்டேன்’ என்று தம் வரலாற்றைச் சுருக்கமாக வரைந்தார். அடுத்த ஆண்டு ‘வெறுங்கால் கென்’ என்னும் நெடுங்கதையைத் தொடங்கினார்.

கதையில் வரும் சிறுவன் கென், எரியும் வீட்டிலிருந்து தன் குடும்பத்தை மீட்கப் போராடுகிறான். ஆனால் உண்மையில் நாகசாவா அவ்விடத்தில் இல்லை. நடந்ததைத் தாயின் வாயிலாகவே கேட்டறிந்தார். அப்படியானால், கதையில் அவனை அங்கே நிறுத்தியது பொய்யா? நான் அவ்வாறு கருதவில்லை. தாய் மட்டும் தனியே சுமந்த காட்சியில் தானும் ஒரு கை கொடுக்க, மகனுக்குக் கற்பனை ஒன்றே வழியாக இருந்தது. உண்மை நூல் ‘நான் அங்கே இல்லை’ என்று ஒப்புக்கொள்கிறது. புதினமோ ‘இருந்திருந்தால்’ என்று ஏங்குகிறது. இரண்டும் நேர்மையின் இரு வடிவங்களே.

மூன்றாவது விடை ஜோ சாக்கோவினுடையது. அவர் செய்தியாளர். 1956-இல் காசாப் பகுதியில் நிகழ்ந்த படுகொலைகளைப் பற்றி, ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின் முதியவர் பலரைத் தேடிச் சென்று கேட்டார். 2009-இல் அதை நூலாக்கினார். ஒருவர் நினைவும் மற்றொருவர் நினைவும் மாறுபட்டால், அம்மாறுபாட்டையும் மறைக்காமல் வரைந்தார். வரலாற்று மாணவர்கள் இந்நூலைக் கட்டாயம் படிக்க வேண்டும். சான்றுகளை எவ்வாறு நிறுத்துப் பார்ப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் அரிது.

சொல்லே இல்லாத நூலும் உண்டு. ஆஸ்திரேலிய ஓவியர் ஷான் டான் 2006-இல் வெளியிட்ட ‘வருகை’ என்னும் கதையில், ஒருவர் பிழைப்புத் தேடி அயல்நாடு செல்கிறார். அந்நாட்டின் எழுத்தும் விலங்குகளும் ஆசிரியர் புதிதாகப் படைத்தவை. ஆகவே, அயலூரில் கால் வைத்த அம்மனிதரைப் போலவே நாமும் அங்கே எழுத்தறியாதவர் ஆகிறோம். எத்துணைப் பட்டம் பெற்றவரும் அந்நூலின் முன் முதல் வகுப்பு மாணவரே!

நம் நாட்டிலும் சிறந்த நூல் ஒன்று 2011-இல் வந்தது. டாக்டர் அம்பேத்கர் தண்ணீருக்கும் தங்குமிடத்துக்கும் பட்ட பாட்டைச் சொல்லும் ‘பீமாயணம்’ அது. வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்னும் கோண்டு ஓவியத் தம்பதியர். படக்கதைகளில் பேச்சை ஒரு கூட்டுக்குள் எழுதுவது வழக்கம். இந்நூலில் அன்பான பேச்சின் கூடு பறவை வடிவம் பெறுகிறது. வெறுப்பான பேச்சின் கூட்டுக்குத் தேள்கொடுக்கு முளைக்கிறது. சுடுசொல் கொட்டும் என்பதைக் கண்ணால் காண்கிறோம்.

இந்நூல்களுக்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 2022-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு பள்ளிக் குழு, சில கடுஞ்சொற்களையும் ஆடையற்ற ஓர் உருவத்தையும் காரணம் காட்டி, ‘மௌஸ்’ நூலைப் பாடத்திலிருந்து நீக்கியது. 2023-இல் ஹிரோஷிமா நகரக் கல்வித் துறையே தன் அமைதிப் பாடங்களிலிருந்து ‘வெறுங்கால் கென்’ பகுதிகளை எடுத்துவிட்டது. பிள்ளைகள் மனம் புண்படுமே என்று பெரியவர்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனால் திறந்து பார்க்காமலே பூட்டிவைத்த என் மேசையும் அப்போது நினைவுக்கு வருகிறது. பிள்ளைகளைக் காக்க வேண்டிய வழி, ஆசிரியர் அருகிலிருந்து உடன் படிப்பதே ஆகும்.

இறுதியாக ஒரு சொல். இந்நூல்களை விரைந்து புரட்டாதீர்கள். முதலில் படத்தைப் பாருங்கள். பிறகு சொல்லைப் படியுங்கள். மீண்டும் படத்துக்கு வாருங்கள். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில் என்ன நடந்தது என்று எண்ணுங்கள். இதை வரைந்தவர் கண்டவரா, கேட்டவரா, கற்பித்தவரா என்று வினவுங்கள். இவ்வாறு படித்துப் பழகினால், செய்தித்தாளில் காணும் படத்தையும் கைப்பேசியில் வரும் படத்தையும் அப்படியே நம்பி ஏமாற மாட்டீர்கள்.

‘படம் பார்த்து ஏன் பொழுதைப் போக்குகிறாய்?’ என்று ஆசிரியர் எவரேனும் கேட்டால், எதிர்வாதம் செய்ய வேண்டா. நூலை அவர் கையில் பணிவோடு கொடுத்து, ‘ஐயா, ஒரு பக்கம் மட்டும் படித்துப் பாருங்கள்’ என்று சொல்லுங்கள். அன்று என்னிடம் எந்த மாணவனும் அவ்வாறு சொல்லத் துணியவில்லை. அவர்கள் துணியுமாறு நானும் நடந்துகொள்ளவில்லை.