சிங்கப்பூரில் முதல் மூன்று நாள்கள்



தில்லி மோதி பாக் அரசினர் குடியிருப்பில் வாழும் எங்களைப் போன்றோர்க்கு வெளிநாட்டுப் பயணம் எளிதில் வாய்ப்பதன்று. சம்பளத்தில் சிறுகச் சிறுக மிச்சம் பிடித்து, ஒரு வார விடுப்புப் பெற்று, பள்ளியில் படிக்கும் மகளைப் பாட்டியின் பொறுப்பில் விட்டுவிட்டு, கணவனும் மனைவியுமாகச் சிங்கப்பூருக்குப் புறப்பட்டோம். எங்களுள் ஒருவர் மத்திய அரசு அலுவலகத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். சுற்றறிக்கைகளையும் விளம்பரங்களையும் தமிழாக்குவதே அவருடைய தொழில். மற்றவர் அந்தத் தமிழை இரவில் படிக்கக் கேட்டு, "இது யாருக்குப் புரியும்?" என்று வினவுகிறவர். இந்த இரு மனநிலைகளோடுந்தான் நாங்கள் அந்நகரைக் கண்டோம்.

அதன் வானளாவிய மாடங்களைப் பற்றிப் பலர் பேசியிருக்கிறார்கள். நாங்கள் சொல்ல வந்தது, முதல் மூன்று நாள்களில் தமிழ் எங்களை அங்கே எதிர்கொண்ட விதத்தைப் பற்றி.

தில்லியிலிருந்து ஏறத்தாழ ஐந்தரை மணி நேரப் பயணம். விமானம் தாழ்ந்தபோது, கடலில் நங்கூரமிட்டு நின்ற கப்பல்கள் சிறுவர் தண்ணீரில் விட்ட காகித ஓடங்களைப் போலத் தோன்றின. கடிகாரத்தை இரண்டரை மணி முன்னே தள்ளி வைத்துவிட்டு, பணம் மாற்றச் சென்றோம். அந்நாட்டு டாலரைத் தமிழர் 'வெள்ளி' என்றே அழைக்கின்றனர். கைக்கு வந்த பத்து வெள்ளி நோட்டைத் திருப்பிப் பார்த்தால், 'சிங்கப்பூர்' என்று தமிழில் அச்சிட்டிருந்தது! நகருக்குள் செல்லும் ரயிலில் ஏறினோம். எச்சரிக்கை அறிவிப்பு ஆங்கிலம், சீனம், மலாய் என்று வந்து, நான்காவதாகத் தமிழில் ஒலித்தது. எங்களுள் மொழிபெயர்ப்பாளர், அலுவலகத்தில் மேலதிகாரி பெயர் சொல்லி அழைத்ததுபோலச் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அன்று மாலை முழுவதும் கட்டடங்களை விட்டுவிட்டுப் பலகைகளையே பார்த்து நடந்தோம். கட்டுமானம் நடக்கும் இடங்களிலெல்லாம் 'அபாயம்' என்ற சொல் தமிழில் நின்றது. தங்குமிடத்தில் 'தமிழ் முரசு' நாளிதழைப் புரட்டினோம். நாம் மெட்ரோ என்பதை அவர்கள் 'பெருவிரைவு ரயில்' என்று எழுதுகிறார்கள். நாம் பி.எஃப். என்று சொல்லிப் பழகியதற்கு நிகரான அவர்களுடைய மத்திய சேம நிதி, 'மசே நிதி' என்று சுருங்கி நிற்கிறது. 'வருங்கால வைப்பு நிதி' என்ற நமது சொல் கோப்பிலேயே உறங்க, அவர்களுடைய சொல் செய்தித்தாளில் நடமாடுவதைக் கண்டு, எங்களுள் ஒருவர் பெருமூச்செறிந்தார்.

இரண்டாம் நாள் நண்பகலில் 'லாவ் பா சாட்' என்னும் பழைய அங்காடியில் உணவருந்தினோம். 1894-இல் எழுந்த எண்கோண வடிவான இரும்புக் கட்டடம் அது. 2014-இல் இதற்கு வழிகாட்டும் தமிழ்ப் பலகையில் வேடிக்கை ஒன்று நேர்ந்தது. 'சாட்' என்பதை யாரோ சனிக்கிழமையின் ஆங்கிலச் சுருக்கம் என்று கொண்டு, 'சனி' என்று எழுதிவிட்டார்கள். பசியோடு வருபவரைச் சனி வரவேற்றால் எப்படியிருக்கும்! தமிழ் மக்கள் சுட்டிக்காட்டிய பிறகு அது நீக்கப்பட்டது. கேட்டுச் சிரித்தோம், ஆயினும் இதில் ஒரு நன்மையையும் கண்டோம். பிழையைக் கண்டு குரல் கொடுக்க, அதைப் படிப்பவர் இருந்தனர் அல்லவா? எவரும் படியாத மொழிபெயர்ப்பில் எத்தனை சனி குடியிருந்தாலும் யாருக்குத் தெரியும்?

மாலையில் சிராங்கூன் சாலைக்குச் சென்றோம். அங்குள்ள சந்தைப் பகுதியைத் 'தேக்கா' என்கின்றனர். வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் மல்லிகைச் சரம் தொடுத்துக்கொண்டிருந்த முதிய அம்மையார் ஒருவர், "எந்த ஊரும்மா?" என்றார். தில்லி என்றதும் வியந்து, "தில்லியிலேயும் தமிழ் பேசுவாங்களா?" என்று கேட்டார். வீட்டில் பேசுவோம் என்றோம். "பிள்ளைங்க எழுதப் படிக்குமா?" என்பது அடுத்த வினா. எங்கள் இருவருக்கும் நா எழவில்லை.

உண்மை யாதெனில், எங்கள் மகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மோதி பாக்கிலேயே தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று இருக்கிறது. இருந்தும் வேறு பள்ளியில் சேர்த்தோம். தமிழைப் பிறகு வீட்டிலே கற்பிக்கலாம் என்று தள்ளிப்போட்டோம். அந்தப் 'பிறகு' இன்னும் வரவில்லை. தமிழால் சோறு உண்ணும் வீட்டில், தமிழைப் படிக்கத் தெரியாத பெண் வளர்கிறாள்.

எங்கள் மௌனத்தைப் புரிந்துகொண்ட அம்மையார், "இங்கேயும் அப்படித்தான். பலகையிலே இருக்கு, பேரப்பிள்ளைங்க வாயிலே இங்கிலீஷுதான் வருது" என்று சொல்லி, முழம் போட்டதற்கு மேலும் ஒரு சாண் சரத்தைச் சேர்த்துத் தந்தார்.

அவர் சொன்னது வெறும் புலம்பலன்று. 2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் தமிழை மிகுதியாகப் பேசுவோர் நூற்றுக்கு 2.5 பேரே. ஆட்சிமொழி நான்கனுள் ஒன்று என்னும் தகுதியும், பள்ளியில் தாய்மொழிப் பாடம் என்னும் இடமும், நாள் முழுதும் ஒலிக்கும் தமிழ் வானொலியும் இருந்தும் நிலைமை இது. அத்தகுதியும் எளிதில் வந்ததன்று. 1935-இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1952-இல் தமிழர் திருநாளைத் தொடங்கினார். பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு ஆதரவாக, 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். பலருடைய உழைப்பால் கிடைத்த பலகையைக் காப்பது, இன்று வீட்டுக் கூடத்தில் நடக்கும் உரையாடலே.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தேக்காவில் நம் நாட்டுத் தொழிலாளர் திரள்திரளாக அமர்ந்திருந்தனர். கட்டட வேலைக்காகப் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர், தொலைபேசித் திரையில் தம் சிறு மகனிடம், "அ போட்டுக் காட்டுடா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிறுவன் சிலேட்டைத் தூக்கிக் காட்டினான். "சுழி சரியா வரலே, இன்னொரு தடவை போடு" என்றார் தந்தை. ஆறு நாள் வெயிலில் உழைத்தவர், தமக்குக் கிடைத்த ஒரே ஓய்வுநாளில், கடல் கடந்து பாடம் நடத்துகிறார். நாங்களோ ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் நேரமில்லை என்கிறோம்!

அன்றிரவு, தேக்காவில் எடுத்த தமிழ்ப் பலகையின் படம் ஒன்றை மகளுக்கு அனுப்பினோம். "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டு அனுப்பினாள். "வந்து சொல்லித் தருகிறோம்" என்று பதில் எழுதினோம்.

நேயர்களே, மும்பையிலும் கொல்கத்தாவிலும் போபாலிலும் வாழும் உங்களுக்கும் எங்களுக்கும் வீதியில் தமிழ்ப் பலகை கிடைப்பது அரிது. அது நம் கையில் இல்லை. கூடத்தில் ஒரு கரும்பலகை மாட்டுவது நம் கையில் இருக்கிறது.

ஊர் திரும்பிய மறுநாளே தொடங்கினோம். பாடநூல் வாங்குமுன், நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து மகளிடம் கொடுத்தோம். அதன் பின்புறத்தில் பதினைந்து மொழிகளின் வரிசையில் தமிழும் நிற்கிறது. எத்தனையோ முறை கையில் பிடித்த நோட்டு, எங்கள் வீட்டில் யாரும் படித்துக் காட்டாத வரி. மூன்று வாரங்கள் சென்றபின் ஒரு மாலையில், விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டி, 'நூறு ரூபாய்' என்று படித்துவிட்டு, "இது இங்கேயே இருந்ததா?" என்று கேட்டாள்.

இங்கேயேதான் இருந்தது. நாங்கள் அதைக் காணச் சிங்கப்பூர் வரை போய்வர வேண்டியிருந்தது.