பொருநையின் தாய்மடி

 

காவிரி வறண்டால் கன்னடரை நோக்கிக் கை நீட்டுகின்றோம். முல்லைப் பெரியாற்றுக்காக மலையாளரை நோக்கிக் குரல் எழுப்புகின்றோம். அவை நம் உரிமைக் குரல்கள், தளர வேண்டா. ஆனால், நம் கண்முன் ஓடும் இப் பொருநைக்கு (தாமிரபரணிக்கு) எவரைக் குறை கூறுவோம்? பொதியமலையிற் பிறந்து, நெல்லையையும் தூத்துக்குடியையும் வாழ்வித்துப் புன்னைக்காயலருகே கடல் புகும் இப்பேராறு, தோற்றமும் முடிவும் தமிழ்மண்ணிலேயே உடையது. காத்தால் புகழும் நமதே. கெடுத்தால் பழியும் நமதே!

ஆறு அணையிற் பிறப்பதன்று, காட்டிற் பிறப்பது. இரு பருவ மழையையும் இலைமக்கிலும் வேரிலும் தேக்கி, கோடையிலும் சிறுகச் சிறுகக் கசியவிடுவது மலைமேல் நிற்கும் பசுமைமாறாக் காடே. அதனைக் காக்க 1962-இல் முண்டந்துறையும், சோலைமந்திக்கென 1976-இல் களக்காடும் காப்பிடங்களாயின. 1988-இல் இரண்டும் இணைந்து தமிழகத்தின் முதற் புலிகள் காப்பகமாயிற்று.

எல்லைக்கல் நட்டுவிட்டால் காடு காக்கப்பட்டுவிடுமா? 1929-இல் சிங்கம்பட்டிச் சமீன், ஏறத்தாழ 8,400 குறுக்கம் (ஏக்கர்) காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. மழைக்காடு தேயிலைக்காடாயிற்று. 2024-இல் அத்தோட்டப் பணி முடிவுக்கு வந்தது. காடு மீள்வதில் மகிழ்கின்றோம். ஆயினும், தலைமுறை தலைமுறையாக அங்குக் கொழுந்து கிள்ளிய உழைப்பாளர்க்கு வாழ்வழி காட்டாமல் காட்டை மட்டும் மீட்பது அறமாகாது.

அடிவாரத்து ஏழையின் விறகுச் சுமையைப் பெருங்குற்றமாகப் பேசுவோர் உளர். 1995-இலிருந்து அடிவார ஊர்களில் காட்டுக் குழுக்கள் அமைத்து, கடனுதவியும் மாற்று எரிபொருளும் மாற்றுத் தொழிலும் தந்தபோது அச்சுமை குறைந்தது. தடியும் தண்டமும் மட்டும் செய்யவியலாததை உதவியும் நம்பிக்கையும் செய்தன. காட்டுக்குள் வாழும் காணிக்காரரையும் பகைவராக எண்ணாது துணைவராகக் கொள்ளுதலே முறை.

இனி நம் பங்கிற்கு வருவோம். ஆடிக் காருவாவில் (அமாவாசையில்) சொரிமுத்து ஐயனார் கோவிலுக்குப் பல்லாயிரவர் செல்கின்றோம். காப்பகத்தின் உள்ளேயே குடிலமைத்துத் தங்குகின்றோம், சமைக்கின்றோம், நெகிழிப் பைகளை எறிகின்றோம். பாவநாசத்தில் முழுகி, உடுத்த துணியை ஆற்றிலேயே விடுகின்றோம். தீவினை தொலையுமென்று விடும் அத்துணி, மீனுக்கும் கீழூரில் அந்நீரைக் குடிக்கும் குழந்தைக்கும் தீவினையாகின்றதே! கோவிலுக்குச் செல்ல வேண்டா என்று நான் கூறவில்லை. அக்காடே ஐயனாரின் காடன்றோ? அதைத் தூய்மையாக வைத்திருப்பதே வழிபாடு.

தோழர்களே! தமிழில் பிறசொல் கலவாமை வேண்டும் நாம், தமிழாற்றில் அழுக்குக் கலவாமையையும் வேண்டுவோம். வரும் ஆடியில், கொண்டு சென்ற பையையும் உடுத்த துணியையும் வீட்டிற்கே திருப்பிக் கொணர்வோம். அயலாரிடம் ஆற்றுரிமை கேட்கும் வாய்க்கு, சொந்த ஆற்றைக் காத்த கையே வலிமை தரும்.

வாழ்க பொருநை! வளர்க பொதியக் காடு!